ஒரே நிரல், பல ப்ராஜெக்ட்கள்: பைதான் டிபெண்டன்சி சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது எப்படி?

"தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைதானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோடு குறியீடுகளை அது தனித்தனியாக எண்ணுகிறது. நமக்கு வேண்டியது 3. அதனால் தமிழ் உரையோடு வேலை செய்பவர்கள் எழுத்தைச் சரியாக எண்ணும் சிறு ஃபங்ஷன் ஒன்றைச் சீக்கிரமே எழுதிவிடுகிறார்கள். முதலில் அது ஒரு சொல் விளையாட்டுக்காக இருக்கும். பிறகு குறுக்கெழுத்துக் கட்டம் போடும் ஸ்கிரிப்டுக்கும், வெண்பாவின் சீர் பிரிக்கும் கருவிக்கும் அதையே எடுத்துப் போவார்கள். நான்காவது ப்ராஜெக்ட் வரும்போது எந்தப் பிரதி புதியது, எது எந்த லைப்ரரிப் பதிப்பை நம்பியிருக்கிறது, இங்கே ஓடுவது அங்கே ஏன் ஓடவில்லை என்ற கேள்விகள் முளைக்கும்.

நிரல் நம்பியிருக்கும் பிற லைப்ரரிகளைத்தான் டிபெண்டன்சி என்கிறோம். அவற்றால் வரும் இந்தச் சிக்கல்களை அறிகுறி வாரியாக இங்கே பார்க்கலாம். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்புப்படி தரப்பட்டுள்ளன. டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

எதையும் மாற்றும் முன் இரண்டு கேள்விகள்

பிழை எதுவானாலும் இரண்டு விவரங்களை முதலில் எடுத்துவிடுங்கள். ஓடுவது எந்தப் பைதான்? ஏற்றப்பட்டது எந்தக் கோப்பு? முதல் கேள்விக்கு, பிழை வரும் அதே ஸ்கிரிப்டின் தலையில் சிஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து, சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் மதிப்பை அச்சிடுங்கள். இரண்டாவதற்கு, சந்தேகப்படும் மாட்யூலின் __ஃபைல்__ மதிப்பை அச்சிடுங்கள். டெர்மினலில் தனியாகச் சோதித்தால் போதாது. எடிட்டர் ஒரு பைதானையும் டெர்மினல் இன்னொரு பைதானையும் ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

இந்த இரண்டு வரிகளைப் பார்க்காமல் மறுபடி மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் பெரும்பாலானோரின் நேரத்தை விழுங்குகிறது. கீழே வரும் அறிகுறிகளில் பல இந்த இரண்டு விடைகளிலேயே பிடிபட்டுவிடும்.

அறிகுறி: இன்ஸ்டால் ஆகிவிட்டது என்கிறது, ஆனால் "மாட்யூல் நாட் ஃபவுண்ட்" பிழை

மிகப் பொதுவான காரணம், பிப் (பைதான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) ஒரு பைதானுக்குள் நிறுவ, ஸ்கிரிப்ட் வேறொரு பைதானில் ஓடுவது. பிப் என்று வெறுமனே தட்டினால் பாத் வரிசையில் (கட்டளைகளைக் கணினி தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) முதலில் அகப்படும் பிப் ஓடும். அது எந்தப் பைதானைச் சேர்ந்தது என்பது நம் கையில் இல்லை. எப்போதும் "பைதான் -எம் பிப் இன்ஸ்டால்" என்றே தட்டுங்கள். எந்தப் பைதானை அழைத்தீர்களோ அதற்குள்தான் அது நிறுவும். விண்டோஸில் பல பைதான்கள் இருந்தால் "பிஒய் -0பி" என்ற கட்டளை அத்தனையையும் பாதையோடு பட்டியலிடும்.

ஜூபிட்டர் நோட்புக்கில் இதே சிக்கல் வேறு வேடத்தில் வரும். நோட்புக் ஓடுவது கெர்னலின், அதாவது பின்னணியில் அதன் நிரலை ஓட்டும் ப்ராசஸின், பைதானில். நீங்கள் நிறுவியது டெர்மினலின் பைதானில். நோட்புக் செல்லுக்குள்ளேயே சதவீதக் குறியோடு "%பிப் இன்ஸ்டால்" என்று எழுதினால் கெர்னலுக்குள் போகும். நிரந்தரத் தீர்வுக்கு, ப்ராஜெக்ட்டின் என்விரான்மென்ட்டில் (அந்த ப்ராஜெக்ட்டுக்கென்றே தனியாக வைக்கும் பைதானும் பேக்கேஜ்களும்) ஐபைகெர்னல் பேக்கேஜை நிறுவி, அதைத் தனிக் கெர்னலாகப் பதிவு செய்யுங்கள்.

பைதான் சரிதான் என்றால் பெயரைப் பாருங்கள். நிறுவும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. பில்லோ என்று நிறுவுகிறோம், பிஐஎல் என்று இம்போர்ட் செய்கிறோம். ஓப்பன்சிவி-பைதான் என்று நிறுவினால் சிவி2. பையாமல் என்று நிறுவினால் யாமல். தமிழ் எழுத்துகளைப் பிரிக்கப் பலரும் பயன்படுத்தும் ஓப்பன்-தமிழ் லைப்ரரியை நிறுவியபின் இம்போர்ட் செய்யவேண்டிய பெயர் வெறும் "தமிழ்", அதாவது ஆங்கில எழுத்தில் ஐந்து எழுத்து. இம்போர்ட் பெயரையே ஊகித்து நிறுவப் போனால் யாரோ அதே பெயரில் ஏற்றிவைத்த வேறு பேக்கேஜ் உள்ளே வந்துவிடலாம். இது பாதுகாப்புச் சிக்கலும்கூட. லைப்ரரியின் ஆவணத்தில் உள்ள நிறுவும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: உங்கள் ஸ்கிரிப்டுக்கே ஆங்கிலத்தில் "தமிழ்.பை" என்று பெயர் வைத்திருந்தால் லைப்ரரி மறைந்துபோகும். ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரைத்தான் பைதான் முதலில் தேடும். அங்கே அந்தப் பெயரில் ஒரு கோப்பு கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடும். "தமிழ் ஒரு பேக்கேஜ் அல்ல" என்றோ, "யூடிஎஃப்8 என்ற பெயரை இம்போர்ட் செய்ய முடியவில்லை" என்றோ பிழை வரும். ரேண்டம்.பை, ஈமெயில்.பை என்று கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு ஸ்டாண்டர்டு லைப்ரரியிலேயே இந்த விபத்து நடக்கும். பைதான் 3.13 முதல் பிழைச் செய்தியே இதைச் சுட்டிக்காட்டி, பெயரை மாற்றச் சொல்கிறது. முந்தைய பதிப்புகளில் __ஃபைல்__ மதிப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

அறிகுறி: "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று பிப் மறுக்கிறது

டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் இது வருகிறது. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகளும் அந்தப் பைதானையே நம்பியிருப்பதால், அதற்குள் பிப் கைவைப்பதைத் தடுத்துவிட்டார்கள். பிழைச் செய்தியிலேயே "--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்" என்ற வழியும் காட்டப்படும். அதைத் தொடாதீர்கள். பெயர் சொல்வதை அது உண்மையிலேயே செய்யக்கூடும்.

ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் "பைதான்3 -எம் வென்வ் .வென்வ்" என்று தட்டுங்கள். என்ஷ்யூர்பிப் இல்லை என்று அது புகார் செய்தால் ஏபிடி வழியாக பைதான்3-வென்வ் பேக்கேஜை நிறுவிவிட்டு மறுபடி தட்டுங்கள். இப்படி உருவாகும் .வென்வ் ஃபோல்டர்தான் அந்த ப்ராஜெக்ட்டின் தனி என்விரான்மென்ட். ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஒரு .வென்வ் என்பதே சரியான கணக்கு. இடத்தை மிச்சப்படுத்த எல்லாவற்றுக்கும் ஒரே என்விரான்மென்ட் வைத்தால், ஒரு ப்ராஜெக்ட்டுக்காகச் செய்யும் அப்டேட் இன்னொன்றை உடைக்கும்.

விண்டோஸ் பவர்ஷெல்லில் ஆக்டிவேட் ஸ்கிரிப்ட் ஓட மறுத்தால் ஆக்டிவேட் செய்யாமலே வேலை பார்க்கலாம். .வென்வ் ஃபோல்டருக்குள் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் பைதானை முழுப் பாதையோடு அழைத்தால் போதும்.

அறிகுறி: ஒரே ஃபங்ஷன், இரண்டு ப்ராஜெக்ட்டில் இரண்டு விடை

நிரலைப் பகிர்வதில் உள்ள மெய்யான சிக்கல் இதுதான். இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதலாவது, இரண்டும் ஒரே நிரல் அல்ல. காப்பி செய்து ஒட்டிய பிரதிகளில் ஒன்றைத் திருத்தியிருப்பீர்கள், மற்றது பழையபடியே இருக்கும். "கிட் டிஃப் --நோ-இண்டெக்ஸ்" கட்டளைக்கு இரண்டு கோப்புகளின் பாதையையும் கொடுங்கள். கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) களஞ்சியத்துக்கு வெளியே உள்ள கோப்புகளையும் அது ஒப்பிடும்.

இரண்டாவது, நிரல் ஒன்றே, உள்ளே வரும் உரை வேறு. "கொ" என்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றின் நீளம் 2, மற்றதன் நீளம் 3. ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். பொது ஃபங்ஷனின் வாசலிலேயே யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனை "என்எஃப்சி" என்ற வடிவத்தோடு அழைத்துவிடுங்கள். அது இரண்டு வகையையும் ஒற்றைக் குறியீட்டு வடிவத்துக்கே மாற்றிவிடும். இந்த வேலையை ஒவ்வொரு ப்ராஜெக்ட்டின் பொறுப்பிலும் விட்டால் ஏதாவது ஒன்று மறந்துபோகும்.

பிரதிகள் பிரிந்துபோனதுதான் காரணம் என்றால் அதைப் பேக்கேஜாக மாற்றுவதா, பிரதியாகவே விடுவதா என்று முடிவெடுங்கள். எங்கள் கணிப்பு: இரண்டு இடத்தில் இருக்கும்வரை காப்பி போதும். மூன்றாவது இடத்துக்குத் தேவைப்படும்போதுதான் அந்த ஃபங்ஷனுக்கு எந்தெந்த அளவுருக்கள் வேண்டும் என்பதே தெளிவாகும். இருபது வரிக்குள் அடங்கி, இனி மாறப்போவதில்லை என்றால் காப்பியே நல்லது. எங்கிருந்து எடுத்தது, எந்தக் கமிட் (கிட்டில் பதிந்த திருத்தம்) என்று மேலே ஒரு குறிப்பு எழுதிவையுங்கள். 2016 மார்ச்சில் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து லெஃப்ட்-பேட் என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் நீக்கப்பட்டபோது, அதை நேரடியாகவோ மறைமுகமாகவோ நம்பியிருந்த ஏராளமான ப்ராஜெக்ட்களின் பில்ட் உடைந்தது. பதினொரு வரிக்காக அவ்வளவு தொலைவில் ஒரு சார்பை வைத்துக்கொள்வது சரியான பேரம் அல்ல.

பேக்கேஜாக்குவதென்று முடிவானால் வேலை அதிகமில்லை.

1. தனி கிட் களஞ்சியம் தொடங்குங்கள். பெயர் தனித்துவமாக இருக்கட்டும், உதாரணமாக "எழுத்துக்கருவி". யுடில்ஸ், காமன், ஹெல்பர்ஸ் வேண்டாம். இரண்டு இடத்தில் யுடில்ஸ் இருந்தால் முதலில் ஏற்றப்பட்டதே அந்த ஓட்டம் முழுக்க நிலைக்கும்.

2. உள்ளே எஸ்ஆர்சி ஃபோல்டர், அதற்குள் பேக்கேஜ் பெயரில் ஃபோல்டர், அதற்குள் __இனிட்__.பை. எஸ்ஆர்சி ஏன் என்றால், நிறுவாமலே தற்செயலாக இம்போர்ட் ஆகிவிடுவதை அது தடுக்கும்.

3. வெளியே பைப்ராஜெக்ட்.டோமல். பில்ட்-சிஸ்டம் பகுதியில் செட்டப்டூல்ஸ் 64 அல்லது அதற்கு மேல். ப்ராஜெக்ட் பகுதியில் பெயர், பதிப்பு 0.1.0, தேவைப்படும் குறைந்தபட்சப் பைதான், டிபெண்டன்சிகள்.

4. இந்த ஃபங்ஷனுக்கு நீங்கள் ஏற்கெனவே கண்ட தவறான விடைகளையே சோதனைகளாக எழுதுங்கள். "தமிழ்" என்றால் 3, இரு வடிவ "கொ"வும் 1, "க்ஷ" எத்தனை என்பதில் உங்கள் முடிவு எதுவோ அது. பிரதிகள் மறுபடி பிரியாமல் காப்பவை இவைதான்.

அறிகுறி: பொதுப் பேக்கேஜில் திருத்தினேன், ப்ராஜெக்ட்டில் மாற்றமே தெரியவில்லை

சாதாரணமாக நிறுவினால் பிப் உங்கள் கோப்புகளின் பிரதியைத்தான் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டருக்குள் வைக்கும். நீங்கள் திருத்துவது மூலத்தை, ஓடுவது பிரதி. __ஃபைல்__ அச்சிட்டால் பாதையில் சைட்-பேக்கேஜஸ் என்று தெரியும். பேக்கேஜையும் ப்ராஜெக்ட்டையும் சேர்த்துத் திருத்தும் காலத்தில் "பைதான் -எம் பிப் இன்ஸ்டால் -ஈ" என்று தட்டி, பேக்கேஜ் ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். இது எடிட்டபிள் முறை. மூலத்தையே நேராகச் சுட்டும்.

எடிட்டபிள் முறையிலும் மூன்று விஷயங்கள் தானாக வந்து சேராது: பைப்ராஜெக்ட் கோப்பில் புதிதாகச் சேர்த்த டிபெண்டன்சி, புதிய கட்டளைப் பெயர், மாற்றிய பதிப்பு எண். இவற்றுக்கு அதே கட்டளையை மறுபடி ஓட்டவேண்டும். ஜூபிட்டரில் என்றால் கெர்னலை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒருமுறை ஏற்றிய மாட்யூலைப் பைதான் அந்த ஓட்டத்தில் திரும்பப் படிக்காது.

வேலை முடிந்து நிலைத்த ப்ராஜெக்ட்களுக்கு எடிட்டபிள் வேண்டாம். களஞ்சியத்தில் வி0.3.0 போல ஒரு டேக் (குறிப்பிட்ட கமிட்டுக்கு வைக்கும் பெயர்) போட்டு, கிட் முகவரியின் முடிவில் அந்த டேக்கைச் சேர்த்து நிறுவுங்கள். அப்போதுதான் இன்றைய திருத்தம் போன வருட ப்ராஜெக்ட்டை உடைக்காது. டேக் மாற்றியும் பழைய நிரலே ஓடுகிறதென்றால் பதிப்பு எண்ணை உயர்த்த மறந்திருப்பீர்கள்; எண் மாறாவிட்டால் பிப் மறுபடி நிறுவாமல் விட்டுவிடக்கூடும். எண்ணை உயர்த்துங்கள், அல்லது "--ஃபோர்ஸ்-ரீஇன்ஸ்டால் --நோ-டெப்ஸ்" சேர்த்துத் தட்டுங்கள்.

அறிகுறி: எடிட்டரில் ஓடுகிறது, க்ரானில் ஓடவில்லை

நிரலுக்குள் சிஸ்.பாத் பட்டியலில் "../காமன்" என்று எழுதிச் சேர்த்திருப்பீர்கள். இந்தப் பாதை ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்திலிருந்து எண்ணப்படுவதில்லை; கட்டளை எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறதோ அங்கிருந்து எண்ணப்படுகிறது. எடிட்டர் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்று ஓட்டும், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் க்ரான் ஹோம் ஃபோல்டரில் நின்று ஓட்டும். அந்த வரியை நீக்கிவிட்டு மேலே சொன்னபடி பேக்கேஜாக நிறுவுங்கள். க்ரான் வரியில் .வென்வ்/பின்/பைதான் கோப்பையும் ஸ்கிரிப்டையும் முழுப் பாதையோடு எழுதுங்கள்.

அறிகுறி: "ரெசல்யூஷன் இம்பாசிபிள்"

இரண்டு பேக்கேஜ்கள் ஒரே லைப்ரரியின் ஒவ்வாத பதிப்புகளைக் கேட்கின்றன. செய்தி நீளமாக இருந்தாலும் "தி கான்ஃப்ளிக்ட் இஸ் காஸ்டு பை" என்ற வரிக்குக் கீழே உள்ளவை மட்டும் போதும். யார் எதைக் கேட்கிறார்கள் என்பது அங்கே இருக்கும். ஏற்கெனவே நிறுவியவற்றில் முரண் இருக்கிறதா என்று "பைதான் -எம் பிப் செக்" சொல்லும்.

சொந்தப் ப்ராஜெக்ட்களில் இதற்குக் காரணம் பெரும்பாலும் நம் பொதுப் பேக்கேஜேதான். அதற்குள் ஏதோ ஒரு லைப்ரரியை "==" போட்டு ஒரே பதிப்பில் இறுக்கியிருப்போம். பொதுப் பேக்கேஜில் வரம்பு மட்டும் எழுதுங்கள். துல்லியமான பதிப்பை ஒவ்வொரு ப்ராஜெக்ட்டின் லாக் கோப்பில் (எல்லாப் பேக்கேஜ்களின் துல்லியப் பதிப்புகளையும் பதியும் கோப்பு) இறுக்குங்கள். வரம்பு எழுதும்போது "~=" குறியில் கவனம் வேண்டும். "~=1.4.2" என்றால் 1.4 வரிசைக்குள் 1.4.2 முதல். "~=1.4" என்றால் 1.4 முதல் 2.0 வருமுன் எதுவும். ஓர் எண் குறைந்தாலே வரம்பு பெரிதாகிவிடுகிறது.

அறிகுறி: போன வருடம் ஓடியது, புதிதாக நிறுவினால் ஓடவில்லை

பதிப்புகளைப் பதிந்துவைக்காததே காரணம். எது மாறியது என்பதைப் பிழைச் செய்தியிலிருந்தே ஊகிக்கலாம். "கலெக்ஷன்ஸ் மாட்யூலிலிருந்து மேப்பிங் இம்போர்ட் ஆகவில்லை" என்றால் பழைய லைப்ரரி பைதான் 3.10 அல்லது அதற்குப் பிந்தையதில் ஓடுகிறது. "டிஸ்ட்யுடில்ஸ் இல்லை" என்றால் பைதான் 3.12, 2023 அக்டோபரில் வந்த அந்தப் பதிப்பில் அது நீக்கப்பட்டது. "நம்பை 1.எக்ஸ் கொண்டு கம்பைல் செய்த மாட்யூல் நம்பை 2இல் ஓடாது" என்றால், 2024 ஜூனில் வெளிவந்த நம்பை 2.0 உள்ளே வந்துவிட்டது. உடனடி மருந்தாக நம்பையை 2க்குக் கீழே என்று வரம்பிடுங்கள். பிறகு அந்த லைப்ரரியின் புதிய பதிப்புக்கு நிதானமாக மாறலாம்.

வீல் (நிறுவத் தயாராக உள்ள பேக்கேஜ் கோப்பு) பில்ட் ஆகவில்லை, விஷுவல் சி++ வேண்டும், பைதான்.ஹெச் இல்லை என்றெல்லாம் வந்தால் கம்பைலரைத் தேடி ஓடவேண்டாம். அந்த லைப்ரரியின் பழைய பதிப்புக்கு உங்கள் புதிய பைதானுக்கான தயார் வீல் இருக்காது என்பதே பெரும்பாலும் விஷயம். ஒரு பதிப்பு முந்தைய பைதானில் .வென்வ் உருவாக்கிப் பாருங்கள்.

இனி இது நேராமலிருக்க இரண்டு கோப்புகள் வேண்டும்: நீங்கள் நேரடியாகக் கேட்டவை ஒன்றில், அவற்றால் உள்ளே வந்த எல்லாமும் துல்லியப் பதிப்போடு மற்றொன்றில். பிப் ஃப்ரீஸ் இரண்டையும் கலந்து ஒரே பட்டியலாகக் கொட்டிவிடும். எது நம் தேவை, எது துணைக்கு வந்தது என்று பிறகு தெரியாது. பழைய ப்ராஜெக்ட்டில் பிரித்தெடுக்க "பைதான் -எம் பிப் லிஸ்ட் --நாட்-ரெக்வயர்டு" தட்டினால், வேறெந்தப் பேக்கேஜாலும் கேட்கப்படாத பேக்கேஜ்கள் மட்டும் வரும். அதை வைத்து முதல் பட்டியலைத் தொடங்கலாம். பிறகு பிப்-கம்பைல் அல்லது யுவி கருவி இரண்டாவதைத் தயாரிக்கும். 2024இல் வந்த யுவி, கிட் முகவரியிலிருந்து வரும் உங்கள் சொந்தப் பேக்கேஜையும் குறிப்பிட்ட கமிட்டோடு லாக் செய்கிறது. புதிதாகத் தொடங்குவதென்றால் யுவியையே எடுத்துக்கொள்ளச் சொல்வோம். லாக் கோப்பை மறக்காமல் கமிட் செய்யுங்கள்; .வென்வ் ஃபோல்டரைக் கமிட் செய்யாதீர்கள்.

அறிகுறி: வேறு கணினிக்கோ வேறு ஃபோல்டருக்கோ மாற்றியதும் உடைந்தது

"பேட் இன்டர்ப்ரெட்டர்" என்று வந்தால் .வென்வ் ஃபோல்டரையும் சேர்த்து நகர்த்தியிருக்கிறீர்கள். அதன் ஸ்கிரிப்ட்களுக்குள் பழைய முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். அதை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள். சரிசெய்ய முயல்வது வீண் உழைப்பு.

ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் "@ ஃபைல்:///ஹோம்" என்று தொடங்கும் வரி இருந்தால், பிப் ஃப்ரீஸ் உங்கள் கணினியின் பாதையை எழுதிவிட்டது. அந்த வரியைக் கிட் முகவரியாகவும் டேக்காகவும் மாற்றுங்கள்.

விண்டோஸில் மட்டும் "சார்மேப் கோடெக்" பிழை வந்தால், பொதுப் பேக்கேஜுக்குள் எங்கோ கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் சொல்லாமல் விட்டிருக்கிறது. லினக்ஸில் யூடிஎஃப்-8 இயல்பாக இருப்பதால் அங்கே தெரியாது. "-எக்ஸ் வார்ன்_டிஃபால்ட்_என்கோடிங்" சேர்த்துப் பைதானை ஓட்டினால், 3.10 முதல், அப்படி விட்ட இடங்களுக்கெல்லாம் எச்சரிக்கை வரும். தமிழ்க் கோப்பைத் தொடும் நிரலுக்கு இந்தச் சோதனையை ஒருமுறையாவது ஓட்டிவிடுங்கள்.

அறிகுறி: கிட் சப்மாட்யூல் ஃபோல்டர் காலி, அல்லது அதில் செய்த கமிட் காணவில்லை

பேக்கேஜாக்காமல் சப்மாட்யூலாக, அதாவது ஒரு கிட் களஞ்சியத்துக்குள் இன்னொரு களஞ்சியமாக, இணைப்பவர்கள் உண்டு. தனி ஒருவரின் ப்ராஜெக்ட்களுக்கு டேக் போட்டு நிறுவுவதே எளிது. பைதான் அல்லாத சொல் பட்டியல், எழுத்துரு போன்றவற்றைப் பகிரச் சப்மாட்யூல் பொருந்தும்.

ஃபோல்டர் காலி என்றால் க்ளோன் செய்யும்போது "--ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ்" விட்டுப்போயிருக்கிறது. "கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்" நிரப்பிவிடும். "டிரான்ஸ்போர்ட் ஃபைல் நாட் அலவுடு" என்று வந்தால், சப்மாட்யூல் முகவரி உங்கள் வட்டில் உள்ள ஃபோல்டராக இருக்கிறது. 2022 அக்டோபரில் வந்த கிட் 2.38.1 முதல் பாதுகாப்புக்காக இது தடுக்கப்பட்டுள்ளது. களஞ்சியத்தை ஒரு சர்வரில் வைத்து அதன் முகவரியைக் கொடுங்கள்.

குறிப்பிட்ட கமிட்டை எடுக்க முடியவில்லை என்றால், சப்மாட்யூலில் கமிட் செய்துவிட்டு அதைப் புஷ் செய்யாமல் வெளிக் களஞ்சியத்தை மட்டும் புஷ் செய்திருக்கிறீர்கள். பழைய கணினியில் சப்மாட்யூல் ஃபோல்டருக்குள் போய்ப் புஷ் செய்தால் சரியாகும். இனி "கிட் புஷ் --ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ்=செக்" பயன்படுத்தினால், உள்ளே புஷ் ஆகாதது இருக்கும்வரை வெளியே போகவிடாது.

கமிட்டே காணவில்லை என்றால் பதற்றப்படவேண்டாம். சப்மாட்யூல் அப்டேட், ஃபோல்டரை எந்தக் கிளையிலும் இல்லாத நிலையில் வைக்கிறது. அந்த நிலையில் கமிட் செய்து, மறுபடி அப்டேட் ஓட்டினால் உங்கள் கமிட் கிளையில்லாமல் தொங்கும். சப்மாட்யூல் ஃபோல்டருக்குள் "கிட் ரெஃப்லாக்" தட்டி அந்தக் கமிட்டின் எண்ணை எடுத்து, "கிட் பிராஞ்ச் மீட்பு" என்று எழுதி அதன் பின்னே அந்த எண்ணைக் கொடுங்கள். கிளையில்லாத இத்தகைய பதிவுகளைக் கிட் இயல்பாக 30 நாள் வைத்திருக்கும், அதற்குள் செய்யவேண்டும். அடுத்த முறை சப்மாட்யூலுக்குள் திருத்தத் தொடங்கும் முன் "கிட் ஸ்விட்ச் மெயின்" தட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.